தியேட்டர் ஜெனரேட்டரில் ஓடிய ரிங் பிரேம்

நான் ஓய்வு பெற்ற அன்று எங்கள் மில் கேன்டீனில் கேசரியும் காராச்சேவும் கொடுத்தார்கள். மாலை போட்டார்கள். பேசச் சொன்னார்கள், கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்து செருப்பை மாட்டும்போது, விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளில் ஒருத்தி ஓடிவந்து கேட்டாள்.

"மரகதம்க்கா, முன்னாடி ரிங் பிரேம்ல ஆம்பளைகதான் நின்னாங்களாமே, நெசமாவா? ஆம்பளைகளுக்கு இந்த வேலையெல்லாம் வருமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் பிறப்பதற்கு முன்னால் இதே கேள்வியை எங்களைப் பார்த்து ஊரே கேட்டது, திருப்பிப் போட்டு. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், விடுதி வேன் ஹாரன் அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்ல வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மில்லில் சேர்ந்தபோது கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு, ராஜபாளையத்தில் மில், தினமும் பஸ். என்னை ரீலிங் பகுதியில் போட்டார்கள். பாபினில் சுற்றிய நூலை எடுத்துச் சிட்டம் என்ற பெரிய வளையக் கட்டாகச் சுற்றிக் கைத்தறிக்காரர்களுக்கு அனுப்பும் பகுதி அது. மில்லில் பெண்கள் இருந்த இடம் அது ஒன்றுதான். அறுந்த நூலை முடிச்சுப் போட ஆறு மாதம் பழகினேன். பிறகு தூக்கத்தில்கூட முடிச்சுப் போடும் கை ஆகிவிட்டது. ரிங் பிரேமில் வேலை பார்த்த செல்லத்துரையை அங்கேதான் பார்த்தேன், அங்கேதான் பேசினேன், மடவார் வளாகம் கோயிலில் கட்டிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகள்.

ரிங் பிரேம் என்பது நீளமான மெஷின். மேலே பஞ்சுத் திரி தொங்கும். அது உருளைகளுக்கு நடுவே நசுங்கி மெலிந்து இறங்கும். கீழே வரிசையாக நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் சுழன்று அதை முறுக்கி நூலாக்கும். எங்கே இழை அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். அந்த வேலைக்காரருக்கு சைடர் என்று பெயர். சைடர் எல்லோரும் ஆண்கள். என் வீட்டுக்காரருக்கு அதில் பெரிய கர்வம். "நீங்க முடிச்சுப் போடுதிய, நாங்க நூலைப் பொறக்க வைக்கோம்" என்பார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, முதல் ஷிப்ட்டுக்குப் போனபோது கேட் பூட்டியிருந்தது. முதலாளி வீட்டில் பங்காளிச் சண்டை, கரண்ட் பில் கட்டவில்லை, பாங்கியில் கடன் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உள்ளே பிரேம்களில் பாதி சுற்றிய நூல் அப்படியே நின்றது. முந்தின நாள் நான் மறந்து வைத்த தூக்குவாளியும் ரீலிங் பகுதி ஜன்னலில் நின்றது. நாளைக்குத் திறப்பார்கள், அடுத்த வாரம் திறப்பார்கள் என்று கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தோம். பந்தல் கீற்று காய்ந்து உதிரும் வரைக்கும் திறக்கவில்லை.

எங்களோடு சேர்ந்து அந்தத் தெருவும் மூடியது. கேட் எதிரே இருந்த டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். சைக்கிள் ஸ்டாண்டில் ஆடு கட்டினார்கள். ஷிப்ட் நேரத்துக்கு விட்ட டவுன் பஸ்ஸை நிறுத்தினார்கள். பக்கத்துத் தியேட்டரில் முதல் ஆட்டத்துக்கே பெஞ்சு காலியாகக் கிடந்தது. என்னோடு ரீலிங்கில் இருந்த பாக்கியத்தின் தங்கைக்குச் சர்ச்சில் ஓலை வாசித்து நாள் குறித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளையும் எங்கள் மில்தான். எதை வைத்துச் சோறு போடுவான் அவன்?

செல்லத்துரை திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். நான் சோழபுரம் பக்கம் பருத்தி எடுக்கப் போனேன். நூலைத் தொட்ட கை செடியில் காயைத் தடவிக்கொண்டு நின்றது. பருத்தி ஓடு விரல் நுனியைக் கிழிக்கும். சாயங்காலம் அந்த விரலை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பேன்.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. பங்குனி மாசம் ஒரு நாள், யூனியன் செயலாளர் பரமசிவம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அந்த வெயிலில் மிதித்து வந்திருக்கிறார். சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

"ஏட்டி மரகதம், பருத்திக்காடெல்லாம் போதும். நாளைக்கு மில்லுக்கு வா."

"தொறக்காவளா அண்ணாச்சி?"

"தொறக்க வைக்கணும். அதுக்குத்தான் வாரேன்."

தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். கோர்ட்டு மில்லை ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. பழைய இரும்புக்காரர்கள் லாரியோடு காத்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் முதலாளி ஒருவருக்கு மட்டும் மில்லாகவே வாங்க யோசனை. அவருடைய இன்ஜினியர் அடுத்த வாரம் வருகிறார். மெஷின் ஓடுமா என்று பார்ப்பார். ஒரே ஒரு ரிங் பிரேமாவது ஒரு முழு டாஃப் ஓட வேண்டும். அதாவது வெறும் பாபினில் ஆரம்பித்து நுனிவரை நூல் நிரம்பும் வரைக்கும், இரண்டரை மூன்று மணி நேரம். ஓடினால் மில், ஓடாவிட்டால் இரும்பு.

"நான் ரீலிங்ல்லா அண்ணாச்சி? எனக்கு அங்க என்ன சோலி?"

"சைடர் ஒருத்தனும் ஊர்ல இல்லட்டி. ஒருத்தன் கேரளாவுல ரப்பர் வெட்டுதான், ஒருத்தன் மெட்ராஸ்ல மூட்டை தூக்குதான், ஒம்புருசன் திருப்பூர்ல. மாஸ்டர் சொல்லிட்டாரு, ரீலிங் பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்கன்னு. பிரேம்ல பொம்பளைகளான்னு நான் சண்டைகூடப் போட்டேன். அந்த மனுசன் அசையல."

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பின்னிங் மாஸ்டர் தேவசகாயம். மில் மூடியதும் திண்டுக்கல் பக்கம் வேறு மில்லில் நல்ல வேலைக்குப் போய்விட்டார். எங்களுக்காக அங்கே லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதையும் இரண்டு தடவை கேட்பார், இரண்டு தடவையும் ஒரே மாதிரி. "முடியுமாம்மா?" என்பார். நாம் "முடியும் சார்" என்றதும் கண்ணைப் பார்த்துக்கொண்டு மறுபடி "முடியுமாம்மா?" என்பார். முதல் பதில் பயத்தில் வரும், இரண்டாவதுதான் உண்மை என்று அவருக்குத் தெரியும். மெஷின் இருக்கும் கூடத்துக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் கழற்றிவிடுவார். தரையின் ஈரம் வெறுங்காலுக்குத்தான் தெரியுமாம்.

மறுநாள் உள்ளே போனோம். கோர்ட்டு நியமித்த வக்கீல் ஒருவர் கதவைத் திறந்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புறா எச்சமும் எலிப்புழுக்கையுமாகக் கிடந்தது கூடம். பாக்கியம் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாஸ்டர் பிரேம் பிரேமாக நடந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிண்டிலை விரலால் சுண்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். கடைசியில் ஒன்றில் நின்றார். அது என் வீட்டுக்காரர் நின்ற பிரேம்.

"இது ஓடும்" என்றார்.

அந்த ஒரு வாரம் மாதிரி ஒரு வாரம் என் வாழ்நாளில் வந்ததில்லை. ஸ்பிண்டில் ஒவ்வொன்றையும் உருவி மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டோம். இரும்பு வளையங்களில் துருவைத் துணியால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி ஆக்கினோம். ஸ்பிண்டில்களைச் சுற்றும் நாடா எல்லாவற்றையும் எலி தின்றிருந்தது. புது நாடா வந்தது, ஆனால் நுனியோடு நுனி சேர்த்துத் தைக்க மில் தையல் மெஷின் வேலை செய்யவில்லை. மேட்டுத்தெரு டெய்லர் தன் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மில்காரர்களுக்கு யூனிபார்ம் தைத்தே மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த மனிதர் அவர். "எம்புட்டு இருந்தாலும் குடுங்க, தச்சிருதேன்" என்று உட்கார்ந்தார். நல்ல பஞ்சுத் திரி கோடவுனில் தார்ப்பாய்க்கு அடியில் கிடைத்தது.

கைக்கு வந்த புது வேலைதான் கஷ்டம். ரீலிங்கில் அறுந்த நூலை முடிச்சுப் போடுவோம். இங்கே முடிச்சே கூடாது. சுழலும் ஸ்பிண்டிலை ஒரு கையால் பிடித்து நிறுத்தி, நூலைத் தேடி எடுத்து, வளையத்தில் ஓடும் குண்டூசி அளவுக் கம்பியில் மாட்டி, மேலே உருளை வாயிலிருந்து வரும் பஞ்சோடு ஒட்டிவிட்டு, அந்த நொடியே கையை எடுக்க வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் இல்லாததால் மாஸ்டர் உருளையைக் கையால் சுற்றுவார், நாங்கள் ஒட்டுவோம். அறுந்துவிடும். மறுபடி சுற்றுவார்.

"வருதாம்மா?"

"வருது சார்."

"வருதாம்மா?"

"இன்னும் வரல சார்."

"சரி. மறுபடி."

நான்காவது நாள் சாயங்காலம் பாக்கியத்துக்கு முதலில் வந்தது. ஒட்டிய இடம் தெரியாமல் நூல் ஓடியது. "யாத்தே!" என்று கத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். இருட்டுவதற்குள் எனக்கும் வந்துவிட்டது.

கரண்ட்டுக்கு வழி? பழைய பாக்கியைக் கட்டாமல் மின்வாரியம் இணைப்புத் தராது. கல்யாணப் பந்தல் போடுகிறவர்களின் சின்ன ஜெனரேட்டர் ரிங் பிரேமை இழுக்காது. பரமசிவம் அண்ணாச்சி நேராகத் தியேட்டர் முதலாளியிடம் போனார். அவரிடம் பெரிய டீசல் ஜெனரேட்டர் இருந்தது.

"ஓம் மில்லு ஓடுனாத்தான்யா என் தியேட்டர் ஓடும், கொண்டுட்டுப் போ" என்றாராம் அவர். "ஆனா முதல் ஆட்டத்துக்கு மெஷினு இங்க நிக்கணும். அன்னைக்குப் புதுப்படம். சாயங்காலம் கரண்ட்டு போகும், திரை அணைஞ்சா என் தோலை உரிச்சிருவாங்க."

அந்த நாள் வந்தது. டிராக்டர் டிரெய்லரில் ஜெனரேட்டர் வந்து இறங்கியபோது கேட்டுக்கு வெளியே தெருவே நின்றது. கோயம்புத்தூர் இன்ஜினியர் காரில் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஆள். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். ஸ்விட்சைப் போட்டார்கள். முதலில் ஒரு முனகல். பிறகு நாடாக்கள் இழுபட்டு, ஸ்பிண்டில்கள் ஒவ்வொரு வரிசையாகச் சுழன்று எழும்பி, ஒன்றரை வருஷம் ஊமையாகக் கிடந்த அந்தக் கூடம் இரைச்சலால் நிரம்பியது.

ரொம்ப நேரம் நீடிக்கவில்லை அது. அங்கே ஒரு இழை அறுந்தது, இங்கே இரண்டு. ஓடி ஒட்டினோம். நாங்கள் ஒன்றை ஒட்டுவதற்குள் பக்கத்தில் நாலைந்து அறுந்தது. பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டது. நூல் நுனிகள் காற்றில் மிதந்து முகத்தில் ஒட்டின. பாக்கியம் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் கிறுக்குப் பிடித்தவர்கள் மாதிரி ஓடினோம். மாஸ்டர் கையைத் தூக்கினார். மெஷின் நின்றது.

இன்ஜினியர் வாட்ச்சைப் பார்த்தார்.

மாஸ்டர் வெறுங்காலால் தரையைத் தேய்த்தார். "காய்ஞ்சு கெடக்கு. ஈரமில்லாத காத்துல பஞ்சு பிடிக்காது. ஈரக்காத்து மெஷினை ஓட்ட இந்த ஜெனரேட்டர் பத்தாது" என்றார். பிறகு இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "ஒரு மணி நேரம் கொடுங்க சார்."

"ஒரு மணி நேரத்துல மழை பெய்யுமா?" என்றார் இன்ஜினியர்.

"தண்ணி வேணும்" என்றார் மாஸ்டர் எங்களிடம். "தரை, சுவர், ஜன்னல், எல்லாம் நனையணும். முடியுமாம்மா?"

மாஸ்டர் இரண்டாவது தடவை கேட்கும்வரை பாக்கியம் நிற்கவில்லை. கேட்டுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "தண்ணி! வீட்டுல இருக்க தண்ணி அம்புட்டையும் கொண்டாங்க! மில்லு தண்ணிக்குத் தவிக்கி!"

பெண்கள் கலைந்து ஓடினார்கள். செத்த நேரத்தில் குடங்களோடு திரும்பி வந்தார்கள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. தெருக்குழாயில் வரிசையாகப் பிடித்து வைத்த குடிதண்ணீர் அது. தெலுங்கு பேசும் வீட்டுப் பெண்கள் "நீள்ளு, நீள்ளு, தாரி விடுங்க" என்று, தண்ணீர் வருகிறது, வழி விடுங்கள் என்பதை இரண்டு பாஷையையும் கலந்து கத்திக்கொண்டு வந்தார்கள். வாட்ச்மேன் வக்கீலைப் பார்த்தார். வெளியாட்களை விடக்கூடாது என்பது உத்தரவு. வக்கீல் எழுந்து சோம்பல் முறித்தார். "நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். கேட் திறந்தது.

தரையில் ஊற்றினோம். சாக்குகளை நனைத்து ஜன்னல் முழுக்கத் தொங்கவிட்டோம். ஆண்கள் கிணற்றில் இறைத்துச் சுவரில் விசிறினார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்றத் தரை உறிஞ்சியது. ஒரு கட்டத்தில் உறிஞ்சுவது நின்று, கூடத்துக்குள் மண்வாசனையும் பஞ்சு வாசனையும் ஒன்றாக எழும்பியது. மாஸ்டர் நடந்து பார்த்தார். நின்றார். பாதத்தை எடுத்து எடுத்து வைத்தார்.

"போடுங்க."

மறுபடி இரைச்சல். ஒரு இழை அறுந்தது, ஒட்டினேன். பிடித்து நின்றது! அடுத்தது, நின்றது. பாபின்களின் அடியில் வெள்ளையாக நூல் ஏற ஆரம்பித்தது. பெண்கள் சுவரோரமாக நகர்ந்து, காலியான குடங்களோடு மூச்சைப் பிடித்து நின்றார்கள். சாக்கு காய்ந்ததும் யாரும் சொல்லாமலே நனைத்தார்கள்.

பாதி டாஃப் ஏறியிருக்கும். என் முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். திரும்பினால் செல்லத்துரை. பரமசிவம் அண்ணாச்சி பனியன் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். பஸ் மாறி மாறி வந்து, கையில் பையோடு அப்படியே நிற்கிறார்.

"ஏட்டி, எம் பிரேம்ல நீயா நிக்கெ?" என்று காதருகில் கத்தினார்.

"பேச நேரமில்ல. அந்தப் பக்கம் ஓடுங்க, பாக்கியத்துக்குக் கை வலிக்கி!"

ஒரு விநாடி முழித்தார். பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு ஓடினார். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், நடுவில் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் ஓடும் நூல். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் வேலை அதுதான். இழைகளுக்கு நடுவில் அவர் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே தியேட்டர் டிராக்டர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று பரமசிவம் அண்ணாச்சி டிரைவர் காலைப் பிடிக்காத குறை. கடைசியில் பாபின்கள் நுனிவரை நிரம்பி, மாஸ்டர் கையைத் தூக்க, மெஷின் நின்றது. அந்த அமைதியில் ஒரு பெண் குலவை போட்டாள். எல்லோரும் போட்டார்கள். குலவைச் சத்தத்துக்கு நடுவிலேயே ஜெனரேட்டரைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றினார்கள். பாதித் தெரு அதைத் தள்ளிக்கொண்டு தியேட்டர் வரைக்கும் ஓடியது. முதல் ஆட்டத்துக்கு எழுத்து ஓடும்போது ஜெனரேட்டர் இடத்தில் நின்றது என்று சொன்னார்கள்.

இன்ஜினியர் ஒரு பாபினை எடுத்து நூலை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இவங்க எத்தனை வருஷமா ரிங் பிரேம்ல இருக்காங்க?"

"ஒரு வாரமா சார்" என்றார் மாஸ்டர்.

"ஒரு வாரமா?"

அன்று இரண்டு தடவை கேட்டது மாஸ்டர் இல்லை என்பதை நினைத்து நாங்கள் பிற்பாடு சிரித்திருக்கிறோம்.

கோயம்புத்தூர்க்காரர் மில்லை வாங்கினார். ஆனால் நாங்கள் நினைத்த மாதிரி எல்லாம் நடக்கவில்லை. ரீலிங் பகுதி இனி இல்லை என்றார். ரிங் பிரேமுக்குப் பகல் ஷிப்ட்டில் பெண்கள் போதும், ராத்திரி ஷிப்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் ஆண்கள் என்றார். பெண்களுக்குக் குறைவாகக் கொடுக்கலாம், சங்கம் கிங்கம் என்று நிற்கமாட்டார்கள் என்பது அவர் எண்ணம், அது எங்களுக்குப் பொறவுதான் புரிந்தது. வீட்டுக்கு ஒரு ஆள்தான் என்றார். பரமசிவம் அண்ணாச்சியைக் கடைசி வரைக்கும் எடுக்கவே இல்லை. மில்லைத் திறக்க வைத்த மனிதர் அந்த மில் எதிரே சைக்கிள் கடை போட்டார். தினமும் அவரைக் கடந்துதான் உள்ளே போவோம். "ஏட்டி, நேரமாச்சு, ஓடு" என்பார். வேலை கிடைக்காத சைடர்கள் சிலர் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி வந்தது. அவரா, நானா? அவர் இரண்டு நாள் கோயில் தெப்பக்குளத்துப் படியில் போய் உட்கார்ந்திருந்தார். "நீங்களே போங்க, ஒங்க வேலைதான அது" என்று நான்தான் முதலில் சொன்னேன். எனக்கு அந்த பிரேம் வேண்டும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவரும் என் முகத்தில் அதைப் பார்த்துவிட்டார்.

"திருப்பூர்ல கட்டிங் மெசின்ல போடுதேன்னு சொல்லிருக்காவ. நான் அங்க இருந்துக்கிடுதேன். பிள்ளைக ஓங்கூட இருக்கட்டும்" என்றார். பிறகு, கோபம்போல ஒன்று குரலில் வர, "எம் பிரேம்ல வேற எவனாச்சும் நிக்கிறதுக்கு நீயே நில்லு" என்றார்.

மில் திறந்த அன்று காலை இருவரும் சேர்ந்துதான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அவர் மதுரை பஸ்ஸுக்கு, நான் ராஜபாளையம் பஸ்ஸுக்கு. என் பஸ் முதலில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். "கையை நொடியில எடுத்துரணும், என்ன?" என்று கீழே நின்று கத்தினார். எனக்குத் தெரிந்ததையே சொல்கிறாரே என்று சிரித்தேன். பஸ் திரும்பும்வரை கண்ணில் தண்ணீரும் நின்றது.

உள்ளே பிரேம்கள் எல்லாம் துடைத்துப் பளபளவென்று நின்றன. கரண்ட் வந்துவிட்டது, ஈரக்காற்று மெஷினும் ஓடியது. பிரேமுக்கு ஒருத்தியாக, வரிசை முழுக்கப் பெண்கள். நான் அவருடைய பிரேமிலேயே நின்றேன், பாக்கியம் அடுத்ததில். மாஸ்டர் திண்டுக்கல் வேலையை விட்டுவிட்டு எங்களிடமே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கையைத் தூக்கினார்.

ஒரே சமயத்தில் எல்லா பிரேமும் ஓடியது. தரை காலுக்கடியில் அதிர்ந்தது. ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில்கள் எழுப்பிய அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்தத் தைரியத்தில் நான் வாயை முழுதாகத் திறந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கத்தி முடித்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். பாக்கியமும் வாயை முழுதாகத் திறந்து கத்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்பால் நின்றவளும். அதற்கு அப்பாலும்.